இரவல் போன கோல்கீப்பர்

எங்கள் வட்டார அணியின் அறைக்குள் நுழைந்தால் இடதுபக்கச் சுவரில் பத்தொன்பது படங்கள் வரிசையாகத் தொங்கும். ஆண்டுக்கு ஒன்று. பத்தொன்பதுக்கும் கண்ணாடி வெட்டியவர், சட்டம் அடித்தவர், ஆணி அறைந்து மாட்டியவர் எல்லாம் ஒரே ஆள். எந்தப் படமும் நூலளவுகூடக் கோணலாக இல்லை. எந்தப் படத்திலும் அவர் இல்லை.

அணிக்கு வெளியே இருந்து உதவி செய்த நல்ல மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. இருபத்து நான்கு வயதில் இரண்டாவது கோல்கீப்பராகச் சேர்ந்தவர். அன்றிலிருந்து வியாழக்கிழமைப் பயிற்சியை ஒரு வாரமும் விட்டதில்லை. கல்யாணத்துக்குத் தேதி குறித்தபோது, "எந்த நாளா இருந்தாலும் சரி, வியாழக்கிழமை மட்டும் வேண்டாம்" என்று பெண் வீட்டாரிடம் சொன்னவர். ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று அவர்கள் மரியாதையாக ஒத்துக்கொண்டார்கள். உண்மை தெரிய வந்தபோது கல்யாணம் முடிந்திருந்தது.

அவர் கடையில் ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அளவுக்கு வெட்டிக் கொடுப்பார். நீளமான மேசை, அதன்மேல் பழைய கம்பளி விரிப்பு, ஓரத்தில் மர அளவுகோல், காதில் பென்சில். "கண்ணாடியில கோடு ஒரு தடவைதான் போடணும். சரியா விழுந்துச்சான்னு அதே கோட்டு மேல இன்னொரு தடவை இழுத்தோம், போச்சு" என்பார். ஊருக்கு அவர் கண்ணாடிக்காரர். அணியில் அவருக்கு வேறு பெயர்: இரவல்.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் அணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் ஒன்பது சிறு குழுக்கள் உண்டு. பணிமனைக் குழு, சந்தைக் குழு, ஆசிரியர் குழு என்று. அவற்றில் தேறியவர்களைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்ததுதான் வட்டார அணி. வட்டாரம் முழுவதற்கும் பிரதிநிதி. ஆனால் எந்தப் பெரிய போட்டியிலும் அதற்கு இடம் கிடையாது, எந்தத் தரவரிசையிலும் பெயர் கிடையாது. நம்மை யாரும் கூப்பிடாவிட்டால் நாம் பிறரைக் கூப்பிட வேண்டியதுதானே? அப்படித்தான் நட்புக் கோப்பை பிறந்தது. ஆண்டுக்கொரு முறை, சனி ஞாயிறு இரண்டு நாள். மூன்று விருந்தினர் அணிகள், நான்காவதாக நாங்கள். சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஜெயித்த இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை இறுதி. பல ஆண்டுகளில் நாங்கள் சனிக்கிழமை மாலையே எங்கள் போட்டிக்கு நாங்களே பார்வையாளர்களாகிவிடுவோம்.

விதிகளை எழுதியவர் எங்கள் செயலாளர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு வாக்கியத்தில் நான்கு 'மேற்படி' போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர் எழுதியவற்றில் எங்களுக்குப் பெருமை தேடித் தந்தது இரவல் விதி. விருந்தினர் அணிக்கு ஆள் குறைந்தால் எங்களில் ஒருவரைக் கொடுக்க வேண்டும். கொடுக்கப்பட்டவர் முழு மூச்சோடு விளையாட வேண்டும். ஒப்புக்கு நின்றால் அது விருந்தினருக்குச் செய்யும் அவமானம். ஆள் குறைந்த அணி முதல் நாள் எங்களோடுதான் மோதும், கொடுத்தவனே அனுபவிக்கட்டும் என்று. இரு தலைவர்களும் சம்மதித்தால் இடைவேளையில் இரவல் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இரவல் ஆளால் நாங்கள் தோற்றால் மறுநாள் விடியும்வரை யாரும் அவரிடம் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

வெளியூரிலிருந்து வரும் அணிகளுக்குக் குறைகிற ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர்தான். ஓடுகிறவன் குறைந்தால் பத்துப் பேர் ஓடிச் சமாளிக்கலாம். கோலுக்குள் நிற்க ஆள் வேண்டும். ஆகவே பத்தொன்பது ஆண்டுகளில் பதினான்கு முறை கண்ணாடிக்காரர் வேறு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு எதிரே நின்றார். மீதி ஐந்து முறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அணிக்கு அவரைப்போல் விசுவாசமானவர் இல்லை. எங்கள் அணியை அவரைவிட அதிகம் தோற்கடித்தவரும் இல்லை.

படத்துக்கும் ஒரு விதி உண்டு. முன்பொரு சமயம் ஆட்டத்துக்கு முன்னால் படம் எடுக்கும் யோசனை வந்தபோது செயலாளர் எழுந்து, "விளையாடறதுக்கு முன்னாடி எடுத்தா அது கல்யாணப் படம். விளையாடி முடிச்சு நிக்கிறவன்தான் ஆட்டக்காரன்" என்றார். அன்றுமுதல் எங்கள் கடைசி ஆட்டத்தில் கடைசி விசில் ஊதும்போது வட்டாரச் சட்டையோடு களத்தில் நிற்கிற பதினொருவர் மட்டும் அப்படியே, சேறும் வியர்வையுமாக, படத்தில் நிற்பார்கள். பெஞ்சில் இருந்தவர் கிடையாது. எதிர்ப்பக்கம் நின்றவர் கிடையவே கிடையாது. விருந்தினர்களும் படம் எடுத்துக்கொள்வார்கள், அவரை நடுவில் நிறுத்தி. சுற்றுவட்டத்தில் ஏழு ஊர்களின் சுவர்களில் அவர் இருக்கிறார். தன் கையால் ஆணி அடித்த சுவரில் மட்டும் இல்லை.

அவருக்கு முன்னால் நின்ற முதல் கோல்கீப்பரின் பெயர் பாறை. தண்ணீர்த் தொட்டி நிலையத்தில் மோட்டார் இயக்குபவர். பத்தொன்பது வருடத்தில் அவருக்கு ஒரு ஜலதோஷம் வந்ததில்லை. நோயற்ற மனிதரைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். கண்ணாடிக்காரரும் சந்தோஷப்பட்டார், ஆனால் அவருக்கு அது சற்று உழைப்பு பிடித்த சந்தோஷம். பாறை தும்மினால் கவனிக்க ஊரில் இரண்டு பேர் உண்டு: பாறையின் மனைவி, பிறகு இவர். ஒருமுறை போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது பாறைக்குக் கணுக்கால் பிசகியது. தினமும் காலையும் மாலையும் போய் ஒத்தடம் கொடுத்துக் கட்டுப் போட்டவர் கண்ணாடிக்காரர்தான். சனிக்கிழமைக்குள் பாறை எழுந்து நின்றார். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் இந்த வருஷம் ஆடியிருக்க முடியாது" என்று பாறை எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஆமா" என்றார் கண்ணாடிக்காரர்.

போட்டி நாளில் கண்ணாடிக்காரரின் மனைவி மைதானத்துக்கு வந்ததே இல்லை. மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. சனிக்கிழமை அரை நாள்தான். வர முடியாமலில்லை. "நம்ம ஊரு கோல் போட்டா நீங்க தோத்தீங்க. நீங்க தடுத்தா ஊரு தோத்துச்சு. நான் எதுக்குக் கைதட்டறது? ரெண்டுக்கும் தட்டினா பைத்தியம்பாங்க. வீட்லயே இருந்துடறேன்" என்பார். 

இந்த ஆண்டு தொடக்கத்தில் பாறைக்கு எட்டு மணி நேரப் பயணத் தூரத்துக்கு மாற்றல் வந்தது. நோயால் சாயாதவரை ஓர் அரசாங்கக் கடிதம் சாய்த்துவிட்டது. போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்ததும் செயலாளர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பட்டியலை வாசித்தார்.

"மேற்படி அணியின் கோல்கீப்பராக, கண்ணாடிக்காரர்."

யாரோ விசிலடித்தார்கள். கண்ணாடிக்காரர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். வயது நாற்பத்து மூன்று. அடுத்த ஆண்டு இந்தப் பட்டியலில் தான் இருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் மாற்று கோல்கீப்பராக நின்ற மருந்துக்கடைக்காரருக்கு இருபத்தாறு வயது. ஆறடி மூன்றங்குலம், தென்னை ஈர்க்கு மாதிரி உடம்பு. நெட்டை என்று கூப்பிடுவார்கள். வேறெங்கோ படித்து, வேறெங்கெல்லாமோ விளையாடி, மூன்று வருடம் முன்புதான் எங்கள் பக்கம் வந்து கடை போட்டவர்.

ஒன்றாம் எண் சட்டை பாறையின் அளவுக்குத் தைத்தது. கண்ணாடிக்காரருக்குத் தோளில் இறங்கியது, வயிற்றில் பிடித்தது. புதிதாகத் தைக்கச் செயலாளர் அனுமதி கொடுத்தார். தையல்காரர் நாடாவோடு கடைக்கே வந்தார்.

"மூச்சை உள்ள இழுக்காதீங்கண்ணே. மைதானத்துல விட்டுத்தானே ஆகணும்?"

"இழுக்கலையே."

"அப்ப இடுப்பு எங்க இருக்குன்னு காட்டுங்க. நானும் வந்ததுலேர்ந்து தேடறேன்."

சட்டை வந்தது. கரும்பச்சை, முதுகில் வெள்ளை ஒன்று. தோள், மார்பு, வயிறு எல்லாம் அவருக்கென்றே வார்த்த மாதிரி இருந்தது. அந்த வாரமே இருபதாவது படத்துக்கான சட்டத்தை அறுத்து, மூலை சேர்த்து, கண்ணாடி வெட்டிப் பொருத்திச் சுவரோரம் சாய்த்து வைத்தார். வேறெந்த ஆண்டும் படம் வருவதற்கு முன் சட்டம் செய்ததில்லை. மனைவி கடைக்கு வந்தபோது அதைப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே?"

"வரும்."

"அப்ப இந்த வருஷம் பச்சைக்குத்தான் கைதட்டணும். சந்தேகமே வேண்டாம்?"

"வேண்டாம்."

"சரி. சனிக்கிழமை முழு நாளும் லீவு சொல்லிடறேன்" என்றார் அவர்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்காரர் பெரிய கோல்கீப்பர் என்பதில் எங்கள் வட்டாரத்தில் இரண்டாவது கருத்து கிடையாது. பாறையைவிட இவர்தான் கெட்டிக்காரர், பாறை முந்திக்கொண்டார், அவ்வளவுதான் என்று எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர்கள் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அவர்கள் அடித்த பந்தையெல்லாம் பிடித்தவர் ஆயிற்றே. இரவல் போன ஆண்டுகளில் மூன்று முறை விருந்தினர் அணி அவர் தயவில் எங்களை வென்று ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்துக்குப் போனது. மூன்று முறையும் அங்கே இன்னொரு வெளியூர் அணியிடம் நாலும் ஐந்துமாக வாங்கினார். பாவம், களைப்பு என்றோம். அதிலிருந்து யாராவது எதையாவது யோசித்திருக்கலாம். நம்மைத் தடுக்கிறவனைத்தான் நாம் பெரிய ஆள் என்று நம்புகிறோம். அதில் நம்முடைய மதிப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

சனிக்கிழமை பிற்பகல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியின் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அவர்களுடைய கோல்கீப்பர். வலது கையை ஈரத்துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். வழியில் தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில் வேனின் இழுப்புக் கதவில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. அவர்கள் தலைவர் ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், பருத்த மனிதர். அவர் முகத்தில் கவலையே இல்லை. எங்களிடம் வந்துவிட்டால் கோல்கீப்பர் பிரச்சினை தீர்ந்த மாதிரிதான் என்று அத்தனை ஊர்களும் பழகியிருந்தன.

"எங்க ஆளு எங்கப்பா?" என்று கேட்டபடி வந்தவர் கரும்பச்சைச் சட்டையைப் பார்த்து நின்றார். "அண்ணே! என்ன இது, வீட்டுக்காரர் மாதிரி நிக்கிறீங்க?"

"இந்த வருஷம் நான் வீட்லதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

ஐஸ்காரர் சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா இருக்குண்ணே. நிஜமா நல்லா இருக்கு." பிறகு செயலாளரிடம் திரும்பி, "அப்ப எங்களுக்கு?"

நெட்டை இரவல் போனார். விருந்தினரின் ஆரஞ்சுச் சட்டை அவருக்குத் தொப்புளோடு நின்றுவிட்டது. விதிப்படி அந்த அணி எங்களோடு மோதியது.

கண்ணாடிக்காரரின் மனைவி தடுப்புக் கயிற்றுக்கு அருகில், மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே நின்றார். கைப்பையைத் தோளில் மாட்டி இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது நிமிடத்தில் முதல் கோல். ஆரஞ்சு முன்வரிசை ஆட்டக்காரர் இடது தோளைச் சாய்த்தபடி ஓடிவந்தார். எங்கள் ஊரில் இடது தோள் சாய்ந்தால் பந்து வலப்பக்கம் தாழ்வாக வரும். எங்கள் பேக்கரி வண்டி ஓட்டுநர் இருபது வருடமாக அப்படித்தான் அடிக்கிறார். கண்ணாடிக்காரர் அழகாகப் பாய்ந்தார். அவ்வளவு அழகான பாய்ச்சலை நான் பார்த்ததில்லை. பந்து மறுபக்கமாக, அவசரமில்லாமல், உள்ளே போனது. இரண்டாவது கோல் தலைக்கு மேலே. மூன்றாவதற்கு அவர் பாயவே இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்பது போல நின்றுவிட்டார்.

மறுகோடியில் எங்கள் ஆட்கள் நெட்டையிடம் இரண்டு கோல் போட்டார்கள். மூன்றுக்கு இரண்டு. இடைவேளை விசில் ஊதியது.

உடைமாற்றும் அறை என்பது மைதானத்தின் பின்னால் பம்ப் செட்டுக்குப் பக்கத்திலிருந்த ஓர் அஸ்பெஸ்டாஸ் கொட்டகை. எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள். தலைவர் லாரி ஓட்டுநர். மலைப்பாதையில் இரண்டு கையையும் விட்டுவிட்டு வாழைப்பழம் உரிப்பவர் என்று பெயர். அவர் ஒரு பிளாஸ்டர் சுருளை எடுத்துத் தேவையில்லாத விரலில் சுற்றத் தொடங்கினார்.

"வெயில் கண்ல அடிக்குதுண்ணே. அதான்" என்றார் பேக்கரிக்காரர்.

"வெயில் எனக்கு முதுகுப் பக்கம்பா இருந்துச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

 பம்ப் செட் ஓடும் சத்தம் கேட்டது. எல்லோர் மனதிலும் ஒரே விஷயம் இருந்தது. அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்.

"எனக்கு உங்க காலு தெரியும். நீ தோளைச் சாய்ச்சா எங்கன்னு தெரியும், இவன் மூச்சை இழுத்தா எங்கன்னு தெரியும். இத்தனை வருஷமும் உங்களையேதான் பாத்திருக்கேன். ஊரு உலகத்துல மத்தவன் எப்படி அடிக்கிறான்னு நான் பாக்கவே இல்ல போலிருக்கு."

"அண்ணே, ரெண்டாவது பாதியில சரியாயிடும்."

"நெட்டைக்கு எல்லார் காலும் தெரியும். அவன் நாலு ஊர்ல ஆடினவன். உங்க கால்தான் அவனுக்குப் புதுசு." சற்று நிறுத்தினார். "மாத்திக்கலாம். விதியில இருக்கு."

தலைவர் பிளாஸ்டரைச் சுற்றுவதை நிறுத்தினார். "அண்ணே... படம்?"

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே உடனே தோன்றியிருக்க வேண்டும்.

"படத்துக்குச் சட்டம் நான்தானே போடறேன்? வேணும்னா ஓரத்துல ஒட்டிக்கறேன்" என்றார் கண்ணாடிக்காரர். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து சட்டையைக் கழற்றினார். வியர்வையில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சிரமப்படுத்தியது. நான்காக மடித்துப் பெஞ்சின் மேல் வைத்தார். பிறகு பனியனோடு வெளியே நடந்தார்.

ஐஸ்காரர் சம்மதிக்க யோசிக்கவில்லை என்றால் பொய்யாகிவிடும். ஒரு கோல் முன்னால் இருக்கும்போது ஆள் மாற்றுவது யாருக்கும் பிடிக்காது. "அண்ணே, இங்க வந்தா முழுசா ஆடணும். தெரியுமில்ல?" என்றார்.

"பதினாலு தடவை ஆடியிருக்கேன். ஒரு தடவையாவது குறை சொன்னாங்களா?"

"இல்ல. அதான் கேக்கறேன். கஷ்டமா இருக்காதா?"

"சட்டையைக் குடுப்பா" என்றார் கண்ணாடிக்காரர்.

இரண்டாம் பாதியில் அவர் ஆரஞ்சு நிறத்தில் எதிர்க்கோலுக்குள் போய் நின்றபோது, கயிற்றருகே நின்ற அவர் மனைவி பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டார்: "இப்ப எந்தப் பக்கம்?" பெரியவர் இரண்டு கோலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் குழப்பம்தான்.

நெட்டை எங்கள் கோலுக்குள் ஒரு பந்தையும் விடவில்லை. கண்ணாடிக்காரர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் தான் அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்ற கணக்கின் மறுபாதியை அவர் போடவில்லை. அல்லது போட்டுவிட்டுத்தான் போனாரோ, தெரியாது. பேக்கரிக்காரர் தோளைச் சாய்த்தார்; பந்து போய்ச் சேருமுன் கைகள் அங்கே இருந்தன. நடு ஆட்டக்காரர் தூரத்திலிருந்து அடித்தார், அதையும் பிடித்தார். நடுவில் ஒரு தலையடியை விரல்நுனியால் கம்பத்துக்கு மேலே தள்ளினார். முதல் பாதியில் தடுமாறிய மனிதர்தானா இவர் என்று மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். ஒவ்வொன்றும் எங்களுடைய பந்து. தடுப்பவரும் எங்களுடையவர்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. போட்டால் மூன்றுக்கு மூன்று. லாரி ஓட்டுநர் பந்தை வைத்தார். கண்ணாடிக்காரர் இரண்டு கம்பங்களையும் ஒவ்வொரு முறை தொட்டுவிட்டு நடுவில் வந்து நின்றார். தலைவர் எப்போதும் வலதுபக்க மூலையைப் பார்த்துவிட்டு இடது மூலைக்கு அடிப்பார். கண்ணாடிக்காரருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது தலைவருக்கும் தெரியும். ஆகவே தலைவர் இடது மூலையைப் பார்த்துவிட்டு வலதுக்கு அடிக்கலாம்; ஆனால் பதினெட்டு வருடமாகப் பழகிய கால், முக்கியமான நேரத்தில் புதுப் பாடம் படிக்காது. அதுவும் இருவருக்கும் தெரியும்.

தலைவர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். கெஞ்சிய பார்வை என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்ட பார்வையாகவும் இருக்கலாம்.

அடித்தார். இடது மூலை. கண்ணாடிக்காரர் அங்கே முழு நீளத்துக்குக் கிடந்தார். பந்து அவர் மார்பின் கீழே இருந்தது.

அறுநூறு பேர் நின்ற மைதானத்தில் சத்தமே இல்லை. விருந்தினர்கள்கூடக் கத்தவில்லை. அந்த அமைதியில் ஒரே ஓர் இடத்திலிருந்து கைதட்டல் கேட்டது, நடுக்கோட்டுக்கு நேரே, கயிற்றுக்குப் பக்கத்திலிருந்து. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. கைப்பை தோளிலிருந்து முழங்கைக்கு நழுவிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றுக்கு இரண்டு என்றே ஆட்டம் முடிந்தது. ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் நின்று, இரண்டு பக்கத்திலிருந்தும் சொந்த அணியையே தோற்கடித்த மனிதர் எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை. அதில் எந்தப் பாதிக்காகவும் அவரைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்கிறேனே தவிர, அன்று சிரித்தவர் எவருமில்லை.

தோற்றுவிட்டதால் எங்களுக்கு அதுவே கடைசி ஆட்டம். படக்காரர் முக்காலியை நட்டார். பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். தலைவர் மட்டும் நிற்காமல் ஆரஞ்சுச் சட்டையை நோக்கி வந்தார்.

"வாங்கண்ணே. யார் என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்."

செயலாளர் பக்கத்தில்தான் நின்றார். முப்பது வருடம் பத்திரம் எழுதிய கை. விதியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் தொண்டையைச் செருமினார். "மேற்படி விதியில, கடைசி விசில்ங்கறதை... ஒரு விதமா பாத்தா, முதல் பாதியோட கடைசி விசில்னும்..." அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், விதி எழுதினது நீங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "போ தம்பி, வெளிச்சம் போகுது. படம் கறுப்பா வந்தா அப்புறம் கண்ணாடியைக் குறை சொல்வீங்க."

ஐஸ்காரர் அவர் கையைப் பிடித்துத் தங்கள் வரிசைக்கு இழுத்துக்கொண்டார், வழக்கம்போல நடுவில்.

மறுநாள் விடியும்வரை பேசக்கூடாது என்பது விதி. விடிந்த பிறகும் யாரும் பேசவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவர் பயிற்சிக்கு வந்தார். தலைவர் அடித்த பத்துப் பெனால்டியில் எட்டைப் பிடித்துவிட்டு, "வலப்பக்கமும் ஒரு மூலை இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார். அதைத் தவிர அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை.

பத்து நாள் கழித்துப் படம் கடைக்கு வந்தது. கம்பளி விரித்த மேசைமேல் அதைக் கவிழ்த்துவைத்து, ஓரம் வெட்டி, பின்னட்டை வைத்து, சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்தார். முன்பே செய்துவைத்த சட்டம் சரியாகப் பொருந்தியது. திருப்பி நிமிர்த்தியபோது மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். பாத்திரத்தை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

பின்வரிசையின் நடுவில் நெட்டை நின்றுகொண்டிருந்தார், ஒன்றாம் எண் கரும்பச்சைச் சட்டையில். தோள் அவருக்கு அந்தரத்தில் நின்றது. வயிற்றில் இன்னொரு ஆளை உள்ளே வைத்துத் தைக்கலாம் போலத் தொளதொளவென்று இருந்தது. கீழே மட்டும் துணி போதாமல் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிட்டது. அகலமான, குட்டையான, நாற்பத்து மூன்று வயது உடம்பு ஒன்று அந்தச் சட்டையில் அப்படியே இருந்தது. நெட்டைதான் அதற்குள் எங்கேயோ நின்றுகொண்டிருந்தார்.

அவர் மனைவி விரலை அந்தச் சட்டையின் மேல் வைத்தார்.

"சட்டை நீங்கதான்" என்றார். "தலையைத்தான் யாரோ மாத்தி வச்சுட்டாங்க."

கண்ணாடிக்காரர் மென்மையான துணியால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு சுத்தியையும் ஓர் ஆணியையும் எடுத்துக்கொண்டு, படத்தை அக்குளில் இடுக்கியபடி, மாட்டுவதற்குப் புறப்பட்டார்.